அண்ணன் படித்த பல்கலைக்கழகத்தில் தம்பிக்கு இடம் கிடைக்குமா?

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால், அடுத்த ஆண்டு ‘ஃபால்’ எனப்படும் இலையுதிர்காலப் பருவத்தில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போக நினைக்கும் மாணவர்கள் பல்கலைக்கழகப் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். என் உறவுக்காரப் பிள்ளைகளும் கல்லூரி ஜூனியர்களும் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பும்போது தவறாமல் ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புவார்கள். “என் அக்கா அங்கேதான் எம்.எஸ். முடித்தாள். அதை விண்ணப்பத்தில் எங்கே எழுத வேண்டும்? அதனால் எனக்கு அட்மிட் கிடைக்க வாய்ப்பு கூடுமா?” சிலருக்கு அக்காவின் இடத்தில் அண்ணன், சிலருக்குச் சித்தப்பா, சிலருக்கு 1990களில் அங்கே படித்துவிட்டு ஊர் திரும்பிய அப்பா.

நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்., பிஎச்.டி. படிப்புகளின் சேர்க்கையில், குடும்பத்தில் ஒருவர் அங்கே படித்தார் என்ற தகவலுக்கு ஏறத்தாழ எந்த எடையும் இல்லை. எம்.பி.ஏ. போன்ற சில தொழிற்படிப்புகளில் சிறிதளவு இருக்கலாம். ஆனால் அங்கே படித்த அக்காவால் உங்களுக்குப் பயனே இல்லை என்று இதைப் புரிந்துகொண்டுவிடாதீர்கள். அவரால் கிடைக்கும் பயன் பெரியது. அது விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் எழுத முடியாத பயன். அதை எப்படிப் பெறுவது, எதைச் செய்தால் அதுவே கேடாக முடியும் என்பதை, முதன்முறையாக விண்ணப்பிப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: ‘லெகசி’ என்ற சொல் எங்கே பொருந்தும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் தேடினால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தருகின்றன என்ற செய்திகள் ஏராளமாகக் கிடைக்கும். அவை பொய்யல்ல. ஆனால் அவை அனைத்தும் இளநிலைப் படிப்பைப் பற்றியவை, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சேரும் நான்காண்டுப் படிப்பைப் பற்றியவை. அங்கே இந்த முன்னுரிமைக்கு ‘லெகசி’ என்று பெயர். 1920களில், நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த யூத மாணவர்கள் கிழக்குக் கடற்கரையின் பழைய கல்லூரிகளில் அதிகமாகச் சேரத் தொடங்கியபோது, அந்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கையாளப்பட்ட வழிகளில் ஒன்றாக இது வேரூன்றியது. எதற்காக உண்டாக்கினார்களோ அந்தக் காரணம் மறைந்த பிறகும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன் வலிமையை ஒரு வழக்கு வெளிக்கொண்டு வந்தது. ஹார்வர்டின் சேர்க்கை முறையை எதிர்த்து 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த விசாரணையில், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைத்ததும், மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மட்டுமே கிடைத்ததும் பதிவாயின. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியல் அறிஞர் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மேன் ஆகியோருடன் சேர்ந்து 2023 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு இன்னும் துல்லியமானது. ஒரே தேர்வு மதிப்பெண் பெற்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையை விட, வருமானத்தில் முதல் ஒரு சதவீதத்தில் உள்ள குடும்பத்துப் பிள்ளை, ஐவி லீக் உள்ளிட்ட பன்னிரண்டு முன்னணிக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்று அது காட்டியது. அவர்களை அனுமதிக்கும் விகிதத்தில் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ பாதிக்கு லெகசி முன்னுரிமையே காரணம். அதே ஆய்வில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெற்றோர் படித்த கல்லூரியில் கிடைக்கும் அந்தச் சலுகை, அதற்கு இணையான வேறொரு கல்லூரியில் விண்ணப்பிக்கும்போது அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த வேறுபாடு பிள்ளையின் தகுதியால் வந்ததல்ல, பெற்றோரின் பெயரால் வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இளநிலையிலும் இது இப்போது தேய்ந்து வருகிறது. எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் குடும்பத் தொடர்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் இதைக் கைவிட்டதாக 2020இல் அறிவித்தது. ஆம்ஹெர்ஸ்ட் 2021இல் கைவிட்டது. கொலராடோ மாநிலம் 2021இலும் வர்ஜீனியா 2024இலும் தங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களில் இதைத் தடைசெய்தன. கலிஃபோர்னியாவில் 2025 செப்டம்பர் முதல் தனியார் கல்லூரிகளுக்கும் தடை நடைமுறைக்கு வந்தது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லெகசி என்பது பெரும்பாலும் பெற்றோரை மட்டுமே குறிக்கும். ஹார்வர்டில் அது தாயோ தந்தையோ அங்கே இளநிலைப் படிப்பு முடித்திருப்பதைக் குறித்தது. அக்கா எம்.எஸ். முடித்தது, சித்தப்பா பிஎச்.டி. முடித்தது போன்றவை அந்த வரையறைக்குள்ளேயே வராதவை. ஆகவே நம்மவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும், தங்களுக்குப் பொருந்தாத விதியைப் பற்றிய கேள்வியாக இருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் விண்ணப்பத்தை யார் படிக்கிறார்கள், யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்

இளநிலையில் இருக்கும் வழக்கம் மேற்படிப்பில் ஏன் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால், மற்ற எல்லாப் படிகளும் தாமாகவே விளங்கிவிடும். இளநிலைச் சேர்க்கையைப் பல்கலைக்கழகத்தின் மைய அலுவலகம் நடத்துகிறது. அதற்கு நன்கொடை, முன்னாள் மாணவர் விசுவாசம், இடம் கொடுத்தால் உறுதியாக வந்து சேரும் மாணவர் என்று பல கவலைகள் உண்டு. பணம் குடும்பத்திடமிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. ஆகவே குடும்பத்தின் முகம் பார்க்கப்படுகிறது.

பிஎச்.டி.யில் பணம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ உங்கள் கல்விக் கட்டணத்தையும் மாத உதவித்தொகையையும் துறையோ, ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியோ சுமக்கிறது. விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் அந்தத் துறையின் பேராசிரியர்கள் சிலர் அடங்கிய குழு. அவர்கள் தங்கள் ஆய்வு நிதியையும் நேரத்தையும் யார்மீது செலவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள். ‘இந்த மாணவர் ஆய்வை முடிப்பாரா, இவருடைய ஆர்வம் நம் துறையில் யாருடைய வேலையோடு பொருந்துகிறது, அந்தப் பேராசிரியரிடம் அடுத்த ஆண்டு நிதி இருக்கிறதா’ என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே அந்தக் கூட்டம் நடக்கிறது. 2025இல் கூட்டரசின் ஆய்வு நிதி நிச்சயமற்றுப் போனபோது, சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, கொடுத்த அட்மிட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்ட நிகழ்வும் உண்டு. இப்படி ஒவ்வோர் இடத்தையும் எண்ணி எண்ணிக் கொடுக்கும் குழுவுக்கு, உங்கள் அண்ணன் எட்டு ஆண்டுகளுக்கு முன் அதே கட்டடத்தில் வேறொரு பேராசிரியரிடம் படித்தார் என்ற செய்தியால் ஆகப்போவது என்ன?

எம்.எஸ். இரண்டுக்கும் இடைப்பட்டது. பெரும்பாலோர் சொந்தச் செலவில், அதாவது வங்கிக் கடனில் படிக்கிறார்கள். கணினி அறிவியல் போன்ற துறைகளில் விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் குவிவதால், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். மதிப்பெண் பட்டியல், படித்த பாடங்கள், கல்லூரியின் தரம், பரிந்துரைக் கடிதங்கள், எஸ்.ஓ.பி. (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்களே எழுதும் நோக்க அறிக்கை) என்று வரிசையாகப் பார்த்துப் புள்ளி போட்டுக்கொண்டே போவார்கள். குடும்பத் தொடர்புக்கு அந்தப் பட்டியலில் ஒரு நிரல் இருப்பதில்லை.

இதில் தமிழர்களுக்கே உரிய ஒரு சிறு செய்தியும் உண்டு. நம்மில் பலருக்குக் கடைசிப் பெயர் என்பது அப்பாவின் பெயர். அக்காவுக்கும் தம்பிக்கும் அது ஒன்றாக இருக்கும். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒன்றாக இருக்காது. உங்கள் அப்பா அங்கேயே படித்திருந்தாலும், பெயரைப் பார்த்து யாரும் உறவைக் கண்டுபிடிக்கப்போவதில்லை. ‘சொல்லாமலே தெரிந்துவிடும்’ என்று நம்பவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம்.

மூன்றாம் படி: உங்கள் படிப்பு விதிவிலக்கா என்று சரிபாருங்கள்

எம்.பி.ஏ. சற்று வேறுபட்டது. அங்கே முன்னாள் மாணவர் வலைப்பின்னல் என்பது படிப்போடு சேர்த்து விற்கப்படும் பொருள். சேர்க்கை அலுவலகம் தனியாக இயங்குகிறது. நேர்காணலை முன்னாள் மாணவர்களே நடத்தும் பள்ளிகளும் உண்டு. ‘எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்ற கேள்விக்கு, அங்கே படித்த உறவினரோடு பேசி அறிந்ததை வைத்து விவரமாக விடையளிப்பவர் முன்னே நிற்பார். இங்கேயும் கவனியுங்கள், உதவுவது உறவு அல்ல. உறவினரிடமிருந்து பெற்ற விவரம். சில சட்டப் பள்ளிகளும் மருத்துவப் பள்ளிகளும் குடும்பத்தில் யாராவது அங்கே படித்தார்களா என்று கேட்பதுண்டு. ஆனால் மருத்துவப் பள்ளிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு மாணவர்களை அரிதாகவே சேர்க்கின்றன என்பதால், இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விண்ணப்பிப்பவருக்கு அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை.

சேர்க்கையில் எடை இல்லாவிட்டாலும் கட்டணத்தில் சலுகை இருக்கக்கூடும். சில தனியார் பல்கலைக்கழகங்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ முதுநிலைக் கட்டணத்தில் தள்ளுபடி தருகின்றன. இதைச் சேர்க்கைப் பக்கத்தில் தேடினால் கிடைக்காது. உதவித்தொகைப் பக்கத்திலும் முன்னாள் மாணவர் சங்கத்தின் பக்கத்திலும் தேட வேண்டும். சொந்தச் செலவில் எம்.எஸ். படிக்கப் போகிறவர் இதற்கு அரைமணி நேரம் செலவிடுவது வீண்போகாது.

நான்காம் படி: படிவம் கேட்டால் உண்மையை எழுதுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்

சில பல்கலைக்கழகங்களின் இணையப் படிவத்தில், ‘உங்கள் உறவினர் யாராவது இங்கே படித்தார்களா அல்லது பணிபுரிகிறார்களா’ என்று ஒரு கேள்வி இருக்கும். ஒரே படிவத்தைப் பல படிப்புகளுக்கும் பொதுவாக வைத்திருப்பதாலும், முன்னாள் மாணவர் அலுவலகத்தின் கணக்குக்காகவும் அது இருக்கிறது. பெயர், ஆண்டு, பட்டம் ஆகியவற்றைக் கேட்டபடி நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். மறைக்க ஒன்றுமில்லை, மிகைப்படுத்தவும் ஒன்றுமில்லை. பெரியப்பா மகனைச் சொந்த அண்ணன் என்று எழுதாதீர்கள். நம் வீட்டில் அந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான். படிவத்தில் வெவ்வேறு கட்டங்கள்.

உறவினர் அதே துறையில் பேராசிரியராகவோ ஊழியராகவோ இருந்தால் மட்டும் இதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் அவர் உங்கள் கோப்பைத் தொடாமல் விலகி நிற்பார். சொல்லாமல் விட்டுப் பின்னால் தெரியவந்தால், உங்கள் இடத்தின் மீது மட்டுமல்லாமல் அவருடைய பெயரின் மீதும் நிழல் விழும்.

ஐந்தாம் படி: எஸ்.ஓ.பி.யிலிருந்து அக்காவை நீக்குங்கள்

நான் படித்துத் திருத்தும் எஸ்.ஓ.பி.களில் மிக அதிகமாக அடித்து நீக்கும் பத்தி இதுதான் என்பதால், இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் சிவில் பொறியியல் முடித்த ஒரு ஜூனியர் எனக்கு அனுப்பிய வரைவு இப்படித் தொடங்கியது. அவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் பொருளைத் தமிழில் தருகிறேன்.

“என் அக்கா உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். அவர் அங்கே பெற்ற அனுபவங்களைச் சிறுவயது முதலே கேட்டு வளர்ந்ததால், அங்கே படிப்பது என் வாழ்நாள் கனவாகிவிட்டது.”

இதைப் படிக்கும் பேராசிரியருக்கு இதனால் என்ன தெரிகிறது? அக்கா படித்தவர் என்று தெரிகிறது. விண்ணப்பிப்பவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. முதல் இரண்டு வரிகளை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டார். அதைவிட மோசமாக, தன்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாததால்தான் இப்படித் தொடங்கினார் என்று படிப்பவர் எண்ணக்கூடும். உண்மையில் அந்த மாணவரிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவர்கள் வீட்டுத் தரைத்தளம் மூழ்கியது. இறுதியாண்டு புராஜெக்டாக அடையாற்றின் வெள்ளப் பரப்பை ஹெக்-ராஸ் மென்பொருளில் வரைந்து பார்த்திருந்தார். அக்காவை அவரிடம் எதற்குப் பயன்படுத்தச் சொன்னேன் என்றால், அந்தத் துறையில் நீரியல் ஆய்வு இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்டு வரச் சொன்னேன். தான் படித்த காலத்தில் களஅளவீடு செய்துகொண்டிருந்த ஆய்வுக்குழு, இப்போது செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு அளவீடு இல்லாத ஆறுகளை மதிப்பிடும் வேலைக்கு நகர்ந்துவிட்டது என்று அக்கா தன் பழைய நண்பர்களிடம் விசாரித்துச் சொன்னார். திருத்திய தொடக்கம் இப்படி அமைந்தது.

“அடையாற்றின் கீழ்ப்பகுதியை மாதிரியாக்கியபோது, நான் கணக்கிட்ட நீர்மட்டம், சுவர்களில் வெள்ளம் விட்டுச்சென்ற கறையை விட ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்வாக வந்தது. ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகள் எனக்குப் போதிய இடங்களில் கிடைக்காததே காரணம் என்று பின்னர் உணர்ந்தேன். அளவீடு குறைவான ஆறுகளில் வெள்ளத்தை நம்பகமாக மதிப்பிடுவது எப்படி என்பதைப் படிக்கவே உங்கள் துறைக்கு விண்ணப்பிக்கிறேன்.”

இரண்டாவது வரைவில் அக்காவின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அக்கா கொடுத்த தகவல் அதன் கடைசி வாக்கியத்தைச் சரியான கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. குடும்பத் தொடர்பு மேற்படிப்புச் சேர்க்கையில் உதவும் விதம் முழுவதும் இந்த ஒரு மாற்றத்தில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆறாம் படி: பரிந்துரைக் கடிதத்தையும் சிபாரிசையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்

நம் ஊரில் சிபாரிசு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கல்லூரி இடத்துக்கும் வேலைக்கும் ‘ஆள் தெரியுமா’ என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகம் மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்கும்போது, பெரிய மனிதர்களைத் தேடிப் போகத் தோன்றுகிறது. சித்தப்பா அதே பல்கலைக்கழகத்தில் படித்து இப்போது பெரிய நிறுவனத்தில் துணைத்தலைவராக இருக்கிறார், அவரே ஒரு கடிதம் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கடிதம் உங்கள் விண்ணப்பத்தைக் கீழே இழுக்கும்.

காரணம் எளிது. கடிதம் எழுதுபவரிடம் படிவம் கேட்கும் முதல் கேள்வியே, ‘இவரை உங்களுக்கு எவ்வளவு காலமாக, எந்த முறையில் தெரியும்’ என்பதுதான். அதன்பின், நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்திலா, இருபத்தைந்திலா என்று கட்டங்களில் குறிக்கச் சொல்லும். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்க்காத சித்தப்பாவால் இவற்றுக்கு நேர்மையாக விடையளிக்க முடியாது. உங்கள் புராஜெக்டை வாரந்தோறும் பார்த்த உதவிப் பேராசிரியரின் ஒரு பக்கக் கடிதத்துக்கு, உங்களைத் தெரியாத துணைவேந்தரின் கடிதம் ஈடாகாது. அந்தக் கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்றும் படிவம் கேட்கும். 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி வந்த கேள்வி அது. விட்டுக்கொடுப்பதாகக் குறிப்பதே வழக்கம். அப்போதுதான் கடிதம் மனம் திறந்து எழுதப்பட்டது என்று குழு நம்பும்.

அண்ணன் தன் பழைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாமா என்பது இதை ஒட்டிய கேள்வி. எழுதலாம், ஒரே ஒரு முறை, மூன்று நான்கு வரிகளில். ‘என் தம்பி இந்த ஆண்டு விண்ணப்பிக்கிறான், அவன் இன்ன பொருளில் வேலை செய்திருக்கிறான், அவனே உங்களுக்குத் தனியாக எழுதுவான்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பேராசிரியரின் பெட்டியில் நாள்தோறும் குவியும் முகம் தெரியாத கடிதங்களுக்கு நடுவே, உங்கள் கடிதம் திறந்து படிக்கப்பட அது உதவும். படித்தபின் என்ன நடக்கும் என்பது உங்கள் கடிதத்தைப் பொறுத்தது. ‘எப்படியாவது பார்த்துச் செய்யுங்கள்’ என்ற பொருளில் ஒரு வார்த்தை எழுதினாலும், அண்ணன் பல ஆண்டுகளாகச் சேர்த்த மதிப்பும் சேர்ந்து போய்விடும். விண்ணப்பதாரர்கள் பேராசிரியர்களுக்கு எழுத வேண்டாம் என்று தங்கள் பக்கத்திலேயே அறிவித்திருக்கும் துறைகளும் உண்டு. அங்கே அண்ணனும் எழுதக்கூடாது.

ஏழாம் படி: அங்கே படித்தவரிடம் சரியான கேள்விகளைக் கேளுங்கள்

அமெரிக்கப் பேராசிரியர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குடும்பப் பின்னணியைக் கேட்டறிந்து 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் பெற்றோரில் ஒருவராவது பிஎச்.டி. பெற்றவர் என்று காட்டியது. பொது மக்களோடு ஒப்பிட்டால் இது இருபத்தைந்து மடங்கு வரை அதிகம். அந்தப் பெற்றோர் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்காகச் சேர்க்கைக் குழுவிடம் பேசினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எந்தப் பேராசிரியரிடம் சேர்வது, கோடை விடுமுறையில் என்ன செய்வது, கட்டுரை நிராகரிக்கப்பட்டால் அடுத்து என்ன என்பதெல்லாம் அந்த வீடுகளில் சாப்பாட்டு மேசைப் பேச்சு. என்னைப் போல் வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் அங்கே படித்திருக்கிறார் என்றால் உங்களுக்குக் கிடைத்திருக்கும் செல்வம் அதுதான். அதைக் கேட்டுப் பெறாமல் விடுவது பெரும் இழப்பு.

ஆகவே ‘வாய்ப்பு எப்படி’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லி, நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவர் அட்மிட் வாங்கிய எஸ்.ஓ.பி.யைக் கேளுங்கள், அதோடு ரிஜெக்ட் ஆன பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியதையும் கேளுங்கள். எந்தப் பேராசிரியருக்கு இப்போது நிதி இருக்கிறது, யார் ஓய்வு பெறப்போகிறார், யாரிடம் மாணவர்கள் ஆறு ஏழு ஆண்டுகள் ஆகியும் முடிக்காமல் இருக்கிறார்கள், யாரிடமிருந்து மாணவர்கள் பாதியில் விலகினார்கள் என்று கேளுங்கள். இந்த விவரங்கள் எந்த இணையப் பக்கத்திலும் எழுதப்படுவதில்லை. எம்.எஸ். மாணவர்களுக்கு இரண்டாம் பருவத்திலாவது டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) அல்லது ஆர்.ஏ. (ஆய்வு உதவியாளர்) வேலை கிடைக்கிறதா, வேறு துறைகள் அந்த வேலையைக் கொடுக்கின்றனவா, வீட்டு வாடகை போக உதவித்தொகையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் கேளுங்கள். அவர் படித்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், அவர் சொல்வதில் பாதி பழையதாக இருக்கும். அப்போது அவரிடம் கேட்க வேண்டியது விடைகளை அல்ல. இப்போது அங்கே இருக்கும் ஒரு மாணவரின் அறிமுகத்தை.

எட்டாம் படி: வீட்டில் யாரும் இல்லாதவர்கள் சீனியர்களிடம் போங்கள்

இந்தக் கட்டுரையை இதுவரை படித்துவிட்டு, ‘எனக்கு அக்காவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை’ என்று சோர்ந்திருப்பவருக்கு ஒரு செய்தி. மேற்படிப்புச் சேர்க்கையில் உண்மையாகவே எடை உள்ள முன்னாள் மாணவர் தொடர்பு ஒன்று உண்டு. அது உங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. உங்கள் கல்லூரியைச் சேர்ந்தது. நூற்றுக்கணக்கான இந்தியக் கல்லூரிகளின் மதிப்பெண்களை அங்கிருக்கும் பேராசிரியரால் எடைபோட முடிவதில்லை. ஆனால் உங்கள் கல்லூரியிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்த மாணவர் ஒருவர் அவருடைய ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்திருந்தால், அந்தக் கல்லூரியில் பத்துக்கு 8.7 என்ற சராசரி என்ன பொருள் தரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்து வரும் மாணவரின் கோப்பை அவர் நம்பிக்கையோடு திறப்பார். ஐ.ஐ.டி.க்கும் கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் இருக்கும் அனுகூலத்தில் ஒரு பகுதி இதுவே. சிறிய ஊரில் உள்ள கல்லூரிக்கும் ஒரே ஒரு நல்ல சீனியரால் இது வாய்த்துவிடும்.

ஆகவே உங்கள் துறைத் தலைவரிடமோ பழைய மாணவர் சங்கத்திடமோ கேட்டு, கடந்த பத்தாண்டுகளில் உங்கள் துறையிலிருந்து எங்கெங்கே போனார்கள் என்று ஒரு பட்டியல் தயாரியுங்கள். லிங்க்ட்இன் தளத்தில் கல்லூரியின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினாலும் பலர் கிடைப்பார்கள். ‘வணக்கம், நான் உங்கள் கல்லூரியில் இன்ன ஆண்டு முடித்தவன்’ என்று தொடங்கி, ஏழாம் படியில் உள்ளவற்றில் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு எழுதுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் மூன்று பேர் பதில் சொல்வார்கள் என்பது என் அனுபவம். அந்த மூவரில் ஒருவர் உங்கள் எஸ்.ஓ.பி.யையும் படித்துக் கொடுப்பார். கன்சல்டன்சிக்குக் கொடுக்கும் பணத்தால் வாங்க முடியாத உதவி அது.

ஒன்பதாம் படி: விசா நேரத்தில் அதே உறவை எப்படிச் சொல்வது

அட்மிட் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நிதியுதவியோடு அட்மிட் கிடைத்தால், பெரும்பாலான பல்கலைக்கழகங்களின் பொது உடன்பாட்டின்படி ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க உங்களுக்கு நேரம் உண்டு. அண்ணன் படித்த இடம் என்பதற்காக மட்டும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிறகு எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவுக்கான டி.எஸ்.-160 படிவத்தை நிரப்புவீர்கள். சேர்க்கைப் படிவத்தில் எடையில்லாமல் கிடந்த குடும்பத் தொடர்பு இங்கே கட்டாயக் கேள்வியாக வருகிறது. தந்தை அமெரிக்காவில் இருக்கிறாரா, தாய் இருக்கிறாரா, அவர்களைத் தவிர நெருங்கிய உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்பார்கள். உடன்பிறந்த அக்காவும் அண்ணனும் நெருங்கிய உறவினர்களில் அடக்கம். மாணவர் விசா கேட்பவர் படித்தபின் திரும்ப எண்ணம் உள்ளவர் என்பதை நிறுவ வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அங்கே அக்கா இருப்பது தெரிந்தால் விசா மறுக்கப்படும் என்று அஞ்சி, ‘இல்லை’ என்று குறிக்கச் சொல்லும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அக்காவின் விவரங்கள் அவருடைய சொந்த விசா விண்ணப்பங்களில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும். உண்மையை மறைத்தது தெரியவந்தால், அந்த ஒரு நேர்காணலோடு முடியாமல், அமெரிக்காவுக்குள் நுழையும் தகுதியையே வாழ்நாள் முழுவதும் இழக்க நேரிடலாம்.

சென்னையில் ஜெமினி மேம்பாலத்தருகே உள்ள துணைத்தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும்போது, ‘உறவினர் யாராவது அங்கே இருக்கிறார்களா’ என்று அதிகாரி கேட்டால், ‘என் அக்கா டெக்சாஸில் பொறியாளராக வேலை செய்கிறார்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். அதே பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தது அக்காவுக்காகவா என்று அடுத்து கேட்டால், எஸ்.ஓ.பி.யில் எழுதிய காரணத்தையே சொல்லுங்கள். ஆய்வுக்குழுவின் பெயரும் பாடத்தின் பெயரும் உங்கள் வாயிலிருந்து தடையின்றி வர வேண்டும். படிவத்தை நிரப்ப உட்காருவதற்கு முதல் நாள் அக்காவைக் கூப்பிட்டு, அவருடைய தற்போதைய நிலை ஹெச்-1பி விசாவா, கிரீன் கார்டா, குடியுரிமையா என்று கேட்டு, அதே நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படிவம் அதையும் கேட்கும்.